பாதுக்கவில் இரண்டரை ஏக்கர் தென்னங்காணி, பழைய சின்ன ட்ரக்டர் வாங்கலாமா?

வெள்ளவத்தை_தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது வெள்ளவத்தை, வேலை கோட்டையில். பாதுக்க பக்கம் அப்பா வாங்கிவிட்ட இரண்டரை ஏக்கர் காணி இருக்கிறது, பெரும்பகுதி தென்னை, ஒரு மூலையில் வாழையும் கொஞ்சம் மிளகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் என்னால் போக முடியும். அந்தப் பக்கம் மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், பிரஷ் கட்டர்காரர் வெட்டிவிட்டுப் போய் மூன்று கிழமை ஆகவில்லை, புல் முழங்காலைத் தொடுகிறது. சரி என்று போன வருடம் கூலிக்கு ஒரு 45 குதிரைவலு ட்ரக்டரைக் கூப்பிட்டோம், அது மரங்களுக்கிடையில் திரும்பும்போது அப்பா கையால் நட்ட இரண்டு தென்னங்கன்றுகளைச் சாய்த்துவிட்டது. அப்பா இப்போது இல்லை, அதனால் அந்தக் கன்றுகள் போனது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆகவே சொந்தமாக ஒரு சின்ன ஜப்பான் ட்ரக்டர் வாங்க யோசிக்கிறேன். 15 முதல் 20 குதிரைவலு, நாலு சக்கர இழுவை, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரோடு. கையில் 15 இலட்சம் இருக்கிறது. விளம்பரங்களில் பார்க்கும் எல்லாமே பளபளவென்று பெயின்ட் அடித்து, மீட்டரில் 600, 700 மணித்தியாலம் காட்டுகிறது. நம்பலாமா? கார் என்றால் ஓரளவு பார்த்து வாங்கத் தெரியும், ட்ரக்டரில் எதைத் தொட்டுப் பார்ப்பது என்றே தெரியாது. ஸ்பெயார்ஸ் கிடைக்குமா? பத்திரம் எப்படி?

களனிக்கரை

தம்பி, நான் ஹங்வெல்லவில் 18 குதிரைவலு குபோட்டா ஒன்றை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன், உங்களுடைய காணிக்கு அந்த அளவு சரியாக இருக்கும். தென்னை 26 அடிக்கு 26 அடி, ஏக்கருக்கு 64 மரம் என்ற கணக்கில் நட்டிருந்தால் நாலடி அகலமான மெஷின் தாராளமாகத் திரும்பும்.

மணித்தியால மீட்டரை மறந்துவிடுங்கள். அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. அதற்குப் பதிலாகக் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். கிளச் மிதியில் இருக்கும் கோடுகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தால், ஸ்டியரிங் வளையம் மினுங்கினால், பின்னால் இணைப்புக் கம்பிகளின் துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால் அது 700 மணித்தியாலம் ஓடிய மெஷின் இல்லை. ரப்பர் குழாய்க்கும் வயருக்கும் மேலே பெயின்ட் பட்டிருந்தால் கழற்றாமல் அப்படியே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உள்ளே என்ன செய்தார்கள் என்பதையும் அதிலிருந்து ஊகிக்கலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. விடியப் போங்கள், வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போங்கள், போனதும் எதுவும் பேசாமல் இஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். நல்ல இஞ்சின் எங்களுடைய வெயிலுக்கு சாவியில் சில விநாடி குளோ (டீசல் இஞ்சினை முன்கூட்டியே சூடாக்குவது) பிடித்தால் போதும், உடனே பிடித்துவிடும். நீளமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்கிறது என்றால், பற்றரியும் சரி, டீசலும் சரியாக வருகிறது என்றால், கம்பிரஷன் போயிருக்கலாம். புகை நீலமாக நின்றால் ஒயில் எரிகிறது. எடுத்தவுடன் வெள்ளையாகக் கொஞ்சம் வந்து மறைவது பரவாயில்லை, சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் விட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், அங்கிருந்து புகை தள்ளிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது.

அப்புறம், ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது அது நிலத்தில் படுத்திருந்தால் ஹைட்ரோலிக்கில் செலவு இருக்கிறது. வாங்கிய பிறகும் ஒன்றை மறக்காதீர்கள், மரத்தடியில் ஆறடி சுற்றுக்குள் ரொட்டவேட்டரை இறக்க வேண்டாம், தென்னையின் வேர் அங்கே மேலாகத்தான் ஓடுகிறது.

வயல்காரன்

எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டரை ஏக்கருக்கு, அதுவும் ஞாயிறு மட்டும் போகிற ஆளுக்கு, ட்ரக்டர் எதற்கு? பின்னால் நடந்து ஓட்டும் இரு சக்கர லாண்ட்மாஸ்டர் ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக எடுக்கலாம், கராஜில் மூலையில் நிற்கும், எந்த ஊரிலும் திருத்துவார்கள். 15 இலட்சத்தை ஒரு இரும்பில் போட முன் யோசியுங்கள்.

மிளகுக்கொடி

வயல்காரன் அண்ணா சொல்வது சமதரையில் சரி. பாதுக்க, அவிசாவளைப் பக்கமெல்லாம் மேடும் பள்ளமும் கபுக் கல்லும், நாள் முழுக்க லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் நடந்தால் அடுத்த நாள் எழும்ப முடியாது. என் கணவர் இரண்டு வருடம் நடந்துவிட்டுத்தான் ட்ரக்டர் தேடத் தொடங்கினார்.

தம்பிக்கு என்னுடைய அனுபவத்தைச் சொல்கிறேன், நீங்களாவது தப்புங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா, நாங்கள் 2021இல் வாங்கினோம். புதிதாக எதுவும் வரவில்லை, நிற்பதற்கெல்லாம் விலை ஏறிக்கொண்டே போனது, இன்று விட்டால் கிடைக்காது என்ற பயத்தில் இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுத்தோம். இஞ்சின் உண்மையிலேயே நல்ல இஞ்சின். மூன்றாவது மாதம் கியர் விழ மறுத்தது. கராஜ் பாஸ் சீற்றுக்குப் பின்னால் இருந்த ஒயில் குச்சியை இழுத்து என் கையில் தந்தார், நுனியில் நின்ற துளி அப்படியே பால் தேத்தண்ணி நிறம். விரலில் தேய்த்தால் நுரைத்தது. கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை வெடித்து, வெளியில் மழையில் நின்ற காலமெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இந்த மெஷின்களில் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான், அதனால் பெயரிங், பம்ப் இரண்டுமே போய்விட்டன. ஒரு ரப்பர் உறைக்காக நாங்கள் கட்டிய தொகையை இப்போதும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அதனால் வாங்க முன் அந்தக் குச்சியை இழுத்துப் பாருங்கள். குச்சி சுத்தமாக இருந்தாலும், இரவு முழுக்க நின்ற மெஷினில் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். விற்கிறவர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சரிவான காணி என்றால் தலைக்குப் பின்னால் இரும்பு வளையம் உள்ளதாகத் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின்கள் பலவற்றில் அது இருக்காது, வெல்டிங் பாஸிடம் கொடுத்து ஏதோ ஒரு குழாயை வளைத்துப் பூட்டுவது பிரளும்போது தாங்காது. அதைச் சீற் பெல்ட்டோடு சேர்த்துப் பாவித்தால்தான் பயன்.

பஞ்சிகாவத்தை_மூலை

ஸ்பெயார்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார்ஸ் கடைகளில் ஃபில்டர், பெல்ட், சீல், பெயரிங் என்று வந்தால் பிரச்சினை இல்லை, பழையதைக் கையில் கொண்டு போனால் அளவு பார்த்து எடுத்துத் தருவார்கள். சிக்கல் கியரிலும் முன் அச்சிலும்தான். ஜப்பானுக்குள் மட்டும் விற்ற மொடல்களின் இலக்கம் ஏற்றுமதிப் புத்தகத்தில் இருக்காது, ஆகவே வாங்க முன்பே மொடல் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைகளில் கேளுங்கள். குபோட்டாவில் இலக்கத்தின் பின்னால் டிடி (DT), யன்மாரில் டி (D) என்று இருந்தால் நாலு சக்கர இழுவை.

நாலு சக்கர இழுவையில் பலர் தவறவிடும் ஒன்று, டயர். முன் டயருக்கும் பின் டயருக்கும் சுற்றளவு ஒரு கணக்கில்தான் பொருந்தும். யாராவது கிடைத்த அளவில் முன் டயர் போட்டிருந்தால் கியர் ஒன்றையொன்று இழுத்துத் தின்றுகொண்டிருக்கும். டயர் அளவைப் படித்து அந்த மொடலுக்குரியதுதானா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள், முன் சக்கரத்திலிருந்து கடக் கடக் என்று கேட்டால் அங்கே பல் தேய்ந்திருக்கிறது. தார் வீதியில் முன் இழுவையைப் போட்டு ஓட்டிக் காட்டுபவரிடம் வாங்காதீர்கள், இவ்வளவு காலமும் அப்படித்தான் ஓட்டியிருப்பார்.

பத்திரம்: நம்பர் தகடு இல்லாமல், தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டலாம் என்று சொல்லி மலிவாகத் தருவார்கள். உங்களுடைய காணிக்கும் எரிபொருள் நிலையத்துக்கும் இடையில் வீதி இருந்தால் அது உதவாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் நீங்களே இரும்பில் தடவி வாசித்து ஒப்பிடுங்கள், பெயின்டுக்குக் கீழே இருக்கும், ஒரு துண்டு மண்தாள் கொண்டு போங்கள். ஓப்பன் பேப்பரில் (பெயர் மாற்றாமல், பழைய உரிமையாளரின் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு மட்டும்) எடுக்க வேண்டாம், பெயர் மாற்றுகிற அன்றுதான் மீதிக் காசு.

வெள்ளவத்தை_தோட்டம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இடம் பார்த்துவிட்டேன். கடுவலையில் ஒன்று, ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லி எட்டுக்கே போனேன், போனட்டுக்குக் கீழே கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தூசு தட்ட ஓட்டினோம் என்றார்கள். வந்துவிட்டேன்.

இரண்டாவது ஹொரணையில், ஒரு வாழைத் தோட்டத்து ஐயாவுடையது, யன்மார் வகை, பெயின்ட் மங்கி இருக்கிறது. குளிராக இருந்த இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அக்கா சொன்ன குச்சியை இழுத்தேன், ஒயில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது, வடிகாலிலும் தண்ணீர் வரவில்லை. ரொட்டவேட்டர் இருபது நிமிடம் தூக்கினபடியே நின்றது. பத்திரம் அவருடைய பெயரிலேயே இருக்கிறது. ஒரே குறை, இடப்பக்க முன் சக்கரத்தின் உள்பக்கம் ஒயில் கசிந்து மண்ணோடு சேர்ந்து கட்டியாகிக் கிடக்கிறது. சத்தம் எதுவும் இல்லை. 13 இலட்சம் சொல்கிறார். எடுக்கலாமா?

பஞ்சிகாவத்தை_மூலை

சீல் போயிருக்கிறது, அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் சேற்றில் இறங்கிய மெஷின் என்றால் ஒயில் வெளியே வந்த வழியாகவே மண்ணும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். முன் அச்சு ஒயிலைத் தனியாக ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் எடுங்கள், சீல் செலவைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். மினுக்கமாகத் துகள் தெரிந்தால் அந்தப் பக்கத்தைக் கழற்றிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

களனிக்கரை

ஹொரணைக்குப் போகிற நாளைச் சொல்லுங்கள் தம்பி, நானும் வருகிறேன். கிண்ணத்தை நான் கொண்டு வருகிறேன்.