புதுப்பிப்பு: ஜீப்பில் பொருத்திய விஎச்எஃப் ரேடியோ (இருவழியாகப் பேசும் வானொலி) சரியாகிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. ஃபைபர் கூரையில் அன்டெனா வைத்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். (அன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1-ஐ நெருங்கினால் நல்லது) 3-க்கு மேல் போகிறது, இன்ஜின் ஓடினால் 'ஙொய்' சத்தம் என்று கேட்டிருந்தேன்.

ஃபைபருக்குக் கீழே தரைத்தளமாக, அதாவது அன்டெனாவுக்கு அடியில் தேவைப்படும் உலோகப் பரப்பாக, இரும்பு இல்லை, பொனட்டுக்கு மாற்று என்று சொன்ன அண்ணன்தான் சரி. மாற்றியும் முதலில் 2.5-தான். பொனட் பிணைச்சலில் பெயின்ட் கரண்டை மறிக்கிறதாம்! சுரண்டி, பின்னல் வயரால் பொனட்டை ஜீப்பின் பொடியோடு (உடற்பகுதியோடு) இணைத்தேன். பிறகு 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைக் கம்பியைச் (அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு நீளமுள்ள அன்டெனாக் கம்பி) சுமார் 49 செ.மீ.க்கு வெட்டினேன். இப்போது 1.3.

சத்தம் போனது, சிகரெட் லைட்டர் இணைப்பை விட்டுவிட்டு நேராக பெட்டரியிலிருந்து வயர் இழுத்த பிறகு. இரண்டு வயரிலும் பெட்டரிப் பக்கமாகவே 15 அம்பியர் ஃபியூஸ்.

எதிர்பாராதது ஹட்டன் மழை. இரண்டே நாளில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, எஸ்.டபிள்யூ.ஆர். மறுபடி ஏறியது. காயவைத்து, தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றினேன்; தண்ணீர் கேபிள் வழியே உள்ளே போகாமல் சொட்டிவிட, கேபிளை உள்ளே நுழையும் முன் கீழே வளைத்து விட்டேன்.

ஹப்புத்தளை விளிம்பில் நின்றால் தூரத்து ஆட்களின் குரலும் தெளிவாகக் கேட்கிறது. தேயிலை மலைப் பள்ளத்துக்குள் இறங்கினால் ஒன்றுமில்லை, மலையை மீறி விஎச்எஃப் பெரும்பாலும் வராது.