புதுப்பிப்பு: ஒரே கிணற்றுத் தண்ணீர், இரண்டு நிறம்

போன வாரம் கேட்டிருந்தேன்: வாழைச்சேனைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் நிறம் எனக்கு 20 ஹேசன் (தண்ணீரின் மஞ்சள் நிறத்தை அளக்கும் அலகு), கூட வேலை செய்யும் அக்காவுக்கு 35. யார் சரி?

சங்கதி பிடிபட்டது. அக்கா போத்திலைக் குலுக்கி அப்படியே நெஸ்லர் குழாயில் (நிறம் ஒப்பிடும் நீளமான கண்ணாடிக் குழாய்) ஊற்றியிருக்கிறா. நான் 0.45 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் வடித்தேன். கலங்கலோடு பார்த்தால் தோற்ற நிறம், வடித்தால் உண்மை நிறம். அறிக்கையில் எதுவென்று எழுதாமல் விட்டதுதான் பிழை.

அப்புறம் இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க, நிற அளவு தெரிந்த பிளாட்டினம்-கோபால்ட் கரைசல் ஊற்றி வைத்திருக்கும் குழாய்களின் மூடி இறுக்கமில்லை. அந்தக் கரைசல் அமோனியாவை இழுத்து நிறம் ஏறிவிடும். அமோனியா போத்திலோ அதே தட்டில்! ஏறிய நிறத்தோடு ஒப்பிட்டால் தண்ணீர் வெளுப்பாகத்தானே தெரியும்.

500 ஹேசன் உள்ள அதே வகைக் கரைசலில் 2.5 மில்லிலீற்றர் எடுத்து, தண்ணீர் விட்டு 50 மில்லிலீற்றருக்கு நிரப்பினால் 25 ஹேசன். இப்படிப் புதிதாக ஒரு வரிசை செய்து, வெள்ளை ஓட்டின் மேல் நிறுத்தி, மேலிருந்து குனிந்து பார்த்தோம். அதே கிணற்றின் புது மாதிரி: வடித்தது 25, வடிக்காதது 40. இருவருக்கும் ஒன்றுதான்.

கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடலாமே என்றவருக்கு: எடுத்தேன், 15உம் 25உம் ஒன்றுபோலவே வருகிறது.