எம்81, எம்82 கேலக்சி ஜோடியை வேலூர் மொட்டை மாடியிலிருந்து படம் எடுக்க முடியுமா?

காட்பாடி மாடி:
80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), குவியத் தூரம் 480 மி.மீ. வானத்தோட சேர்ந்து சுத்துற ஹெச்இக்யூ5 மவுண்ட், உள் ஃபில்டரை மாற்றாத கேனான் 600டி கேமரா, மவுண்ட் நகர்வைத் திருத்துற கைடு கேமரா இருக்கு. ரெண்டு கேலக்சியும் ஒரே ஃபிரேம்ல வரணும். வடக்கே பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க் துருவ நட்சத்திரத்தை மறைக்குது. எந்த மாசம், எவ்வளவு எக்ஸ்போஷர்?

வடவானம்:
ஃபிரேம் தாராளம். ரெண்டுக்கும் இடைவெளி 38 ஆர்க்மினிட்தான் (60 ஆர்க்மினிட் ஒரு டிகிரி). உங்க சென்சார்ல 2.6 டிகிரி அகலம் வரும். சிக்கல் உயரம். இந்த ஜோடி இருக்கிறது +69 டிகிரி டெக்ளினேஷன்ல (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே 69 டிகிரி), வேலூர் அட்சரேகை 13. உச்சிக்கு வந்தாலும் 34 டிகிரிக்கு மேல ஏறாது. மார்ச் நடுவுல ராத்திரி பத்தரை வாக்கில் உச்சம். அதுக்கு முன்னும் பின்னும் ரெண்டு மணி நேரம் 30 டிகிரிக்குக் கீழ இறங்காது. அந்த நாலு மணி நேரத்தை விடாதீங்க. டேங்க் அந்த உயரத்தையும் மறைக்குதான்னு முதல்ல பாருங்க.

துருவ நட்சத்திரம் தெரியலேன்னா நினா மென்பொருள்ல த்ரீ பாயின்ட் போலார் அலைன்மென்ட் (மவுண்ட் அச்சை வான துருவத்துக்கு நேராக்குறது) போதும், வானத்தோட வேற பகுதியை வெச்சே சரி பண்ணிடலாம். நம்ம ஊர்ல மவுண்ட் ரொம்பப் படுத்திருக்கும், எடைக்கல் கம்பி டிரைபாட் கால்ல இடிக்க வாய்ப்பு உண்டு. மோட்டாரை ஓட்டுறதுக்கு முன்னாடி கிளட்சைத் தளர்த்தி, கையால முழுசா சுத்திப் பாருங்க. இடிச்சா நடுவுல எக்ஸ்டென்ஷன் பைப் போடணும்.

ஐஎஸ்ஓ 800, ரெண்டு நிமிஷம். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டுற வெளிச்சப் பரவல் வரைபடம்) மேடு இடது ஓரத்தை விட்டு விலகினா சரி. பாதியைத் தாண்டினா நேரத்தைக் குறைங்க. மூணு ஃபிரேமுக்கு ஒரு டிதர் (டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்துறது) கட்டாயம். சென்சார் சூடு 6 டிகிரி ஏறினாலே டார்க் கரன்ட் (ஒளி இல்லாமலே சென்சார்ல சேர்ற சிக்னல்) கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். அதனால அதைக் கழிக்க எடுக்கிற டார்க் ஃபிரேம்களை மறுநாளுக்குத் தள்ளாம, முடிச்ச கையோட அங்கேயே மூடி போட்டு 25 எடுங்க.

காட்பாடி மாடி:
நன்றி சார். எம்82 நடுவுல சிவப்பு இழைகள் வருமா?

வடவானம்:
லேசாத்தான். அது 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளி; உங்க கேமரா உள்ளே இருக்கிற ஃபில்டர் பெரும்பகுதியைத் தடுத்துடும். ரெண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் விடுற டூயல் பேண்ட் ஃபில்டரை மட்டும் நம்பி எடுத்தா கேலக்சியோட நட்சத்திர ஒளியே போயிடும். சாதாரண ஃபிரேம்களைத் தனியா எடுத்து, சிவப்பை மட்டும் அதுல சேர்க்கணும்.

ஆலங்காயம் ரோடு:
இருட்டு வேணும்னு காவலூர்ப் பக்கம் மலையேறினாலும், இந்த ஜோடிக்கு வாணியம்பாடி, ஆம்பூர் வெளிச்சம் வடக்கே குறுக்க வரும். அதுக்குப் பதிலா நான் சொல்றது எம்65, எம்66 கேலக்சி ஜோடி. டெக்ளினேஷன் +13, அதாவது நம்ம தலைக்கு நேர் மேல போகும். இடைவெளி 20 ஆர்க்மினிட், பக்கத்துல இருக்கிற என்ஜிசி 3628 கேலக்சியும் ஃபிரேம்ல சேர்ந்தே விழும். மார்ச் நடுவுல நள்ளிரவு உச்சம். அந்த நேரத்துல கேமரா டிரைபாட் காலை ஒட்டிப் போகும். உச்சிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே நிறுத்தி, மெரிடியன் ஃபிளிப் (உச்சியைத் தாண்டினதும் மவுண்ட் மறுபக்கம் திரும்புறது) முடிஞ்சதும் ஃபோகஸைச் சரிபார்த்துத் தொடருங்க.