கேடிஎச் வான் எஞ்சின் அடித்துவிட்டது: கிராங் கடைவதா, எஞ்சினையே மாற்றுவதா?

குலைக்காரன் (நீர்வேலி):
வணக்கம். என்னுடையது 2007 ஹயஸ் கேடிஎச் வான், எஞ்சின் 1கேடி 3000 சிசி டீசல். மீற்றரில் 3,12,000 கிலோமீற்றர் காட்டுகிறது. உண்மையோ தெரியாது, நான் மூன்றாவது சொந்தக்காரன். வாரண்டி என்ற கதைக்கே இடமில்லை. வாழைக்குலை ஏற்றி வவுனியாவுக்குக் கிழமைக்கு நாலு நாள் ஓடுகிறேன். வேறு வருமானம் இல்லை.

போன செவ்வாய் மாங்குளம் தாண்டியதும் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் டொக் டொக் என்று சத்தம். ஒயில் லைற்றும் எரிந்தது. எப்படியும் வவுனியா போய்விடலாம் என்று தொடர்ந்து ஓட்டியது என் மடைத்தனம். நாலைந்து கிலோமீற்றரில் நின்றுவிட்டது. அறுபது இதரைக் குலையையும் நடுரோட்டில் வேறொரு லொறிக்கு மாற்றிவிட்டு, வானைக் கட்டி இழுத்து வந்தோம்.

உண்மையைச் சொன்னால், இரண்டு மாதமாகவே எஞ்சின் சூடான பிறகு வானை நிறுத்தி, எஞ்சினை ஐட்லில் சும்மா ஓடவிட்டால் ஒயில் லைற் லேசாகச் சிமிட்டும். அக்ஸிலேற்றரை மிதித்தால் அணைந்துவிடும். கராஜில் சென்சர் பிழை என்றார்கள், நானும் விட்டுவிட்டேன்.

இப்போது ஒயில் பானைக் கழற்றினால், அடியில் ஜிகினாத் தூள் கொட்டியதுபோல் மினுங்குகிறது. மூன்றாம் பிஸ்ரனின் பெரிய பெயரிங் இடத்தில் நிற்காமல் சுற்றிப் போய்விட்டது. பிஸ்ரன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். மெக்கானிக் "மினக்கெடாமல் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றைப் போடு" என்கிறார். வேறு சிலர் கிராங்கை லேத்தில் கடையலாம் என்கிறார்கள். எஞ்சினுக்குக் கேட்கும் காசு கிராங் வேலையைப்போல் இரண்டரை மடங்கு. லீசிங் இன்னும் 14 மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கொடிகாமத்தான்:
ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குமே, அதில் கேட்டுப் பார்க்கலாம்தானே?

வடமராட்சிப் பெடியன்:
அது அடிபட்டால்தான் அண்ணை. எஞ்சின் தானாகப் பழுதானால் தரமாட்டார்கள், பொலிசியிலேயே போட்டிருக்கும். என்னைக் கேட்டால் வந்த விலைக்கு வானைத் தள்ளிவிட்டு வேறொன்று பார்ப்பது நல்லது.

குலைக்காரன்:
வேறொன்றா? 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்தது என்றாலும், இப்போது கேட்கிற விலைக்குத் தோட்டத்தையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும்.

லேத்துக்காரர்:
தம்பி, கடைவதா மாற்றுவதா என்பது பிறகு. பானுக்குள் ஒயில் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு வலை இருக்கும். அதை மெக்கானிக் காட்டினாரா?

குலைக்காரன்:
காட்டவில்லை. நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

குலைக்காரன்:
பார்த்தேன் அண்ணை. வலை என்றே தெரியவில்லை. விறகடுப்பில் வைத்த சட்டியின் அடிக்கரி மாதிரி அடைத்துக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்ச ஓட்டை.

லேத்துக்காரர்:
நினைத்தேன். 1கேடி, 2கேடி இரண்டு எஞ்சினுக்கும் இந்த வியாதி உண்டு. டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரர் உட்காரும் இடத்தில் செம்பு வோஷர் இருக்கிறது. அது பிடிப்பு விட்டால் எரிந்த வாயு மேலே ரொக்கர் கவருக்குள் ஏறும். அந்தக் கரி ஒயிலில் கலந்து, கட்டியாகி, வலையில் போய் அடைக்கும். பிறகு பம்ப் எதை இழுக்கும்? சென்சர் பாவம், இரண்டு மாதமாக உனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எப்போதாவது இன்ஜெக்ரர் கழற்றினீர்களா?

குலைக்காரன்:
இரண்டு வருசத்துக்கு முன் கிளீன் பண்ணினோம். வோஷர் நல்லாத்தான் இருக்கு என்று பழையதையே போட்டார்கள்.

லேத்துக்காரர்:
அதுதான். செம்பு ஒருமுறை நசிந்தால் நசிந்ததுதான். கழற்றினால் புதிது போட வேண்டும். சின்னச் சாமான், அதில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஜப்பான் எஞ்சின் என்றாலும் அதே 1கேடிதான். பானைக் கழற்றி வலையைப் பார்க்காமல் வாங்கினால் இதே வியாதியைக் காசு கொடுத்து வாங்குவாய். உன் கேஸில் நான் கடைவேன். ஆனால் முதலில் கிராங்கில் வெடிப்பு உண்டா, நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 0.25 மில்லிமீற்றர் கடைந்தும் கீறல் போகாவிட்டால் 0.50. பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் மூன்றாம் ரொட்டை மாற்று, பெயரிங் சுற்றிய ரொட்டின் துவாரம் வட்டமாக இருக்காது. ஒயில் கூலரைக் கட்டாயம் கழற்று. அந்த ஜிகினா அதற்குள்ளும் போயிருக்கும், புதுப் பெயரிங்கையும் தின்னும். டேர்போவுக்கும் இதே ஒயில்தான், ஷாஃப்ட்டை ஆட்டிப் பார். எஞ்சினின் உடலான புளொக்கில் அடி விழுந்திருந்தால் என் பேச்சை விடு, எஞ்சின்தான்.

சுன்னாகம் சுரேன்:
இன்னொன்று. எஞ்சின் மாற்றினால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் மாற வேண்டும். அதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் போக வேண்டும், வாங்கிய பில் கேட்பார்கள். லீசிங் வாகனம் என்றால் கொம்பனியின் சம்மதமும் தேவை. நான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் மலிவாக ஒன்று வாங்கி, சரியான பில் இல்லாமல் மூன்று மாதம் அலைந்தேன். கிராங் மட்டும் கடைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

குலைக்காரன்:
பதினொரு நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். புளொக்குக்கு ஒன்றும் இல்லை. கிராங் 0.25இல் சரிவந்தது. ரொட் ஒன்று, ஒயில் கூலர், ஒயில் பம்ப், நாலு வோஷரும் புதிது. டேர்போ தப்பிவிட்டது. இந்த முறை வோஷர் பக்கெற்றை நானே வாங்கிக்கொண்டு போய், நாலையும் போடும்வரை பக்கத்திலேயே நின்றேன். மெக்கானிக்குக் கொஞ்சம் கோபம்தான்.

நேற்று வெறும் வானாகக் கிளிநொச்சி போய் வந்தேன். ஐட்லில் லைற் சிமிட்டவில்லை. குலை ஏற்றலாமா?

லேத்துக்காரர்:
முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குப் பாதி லோட். ஆயிரத்தில் ஒயிலும் ஃபில்ரரும் மாற்று. அந்த ஃபில்ரரைக் கத்தியால் வெட்டி விரித்து, மடிப்புக்குள் மினுங்குதா என்று பார்த்துவிட்டு ஒரு படம் போடு.

குலைக்காரன்:
சரி அண்ணை. முப்பது குலையோடு வெள்ளிக்கிழமை வெளிக்கிடுகிறேன்.