மார்வாரை (ராஜஸ்தானின் ஜோத்பூர்ப் பகுதி) ஆண்ட ரத்தோர் ராஜபுத்திரர்கள் கன்னோசி மன்னன் ஜெயச்சந்திரன் வழி வந்தவர்களா?

வடதிசை:
ஜெயச்சந்திரன் கோரி முகமதுவுடனான சந்தாவர் போரில் விழுந்தது 1194. மார்வாரில் ரத்தோர் குலத்தைத் தொடங்கிய ராவ் சீஹா இறந்தது 1273. இவர் அவருக்குப் பேரன் என்கிறார்கள் சிலர், கொள்ளுப்பேரன் என்கிறார்கள் சிலர். கல்வெட்டில் ஆதாரம் உண்டா? சீஹாவின் நடுகல்லில் சம்வத் (விக்கிரம ஆண்டு) 1330 என்றுதானே இருக்கிறது, 1273 எப்படி வந்தது?

செப்பேடு:
நேரடி ஆதாரம் கிடையாது. பாலி அருகே பீட்டூவில் கிடைத்த சீஹாவின் நடுகல், அவரை ரத்தோர் என்றும் சேத குமாரரின் மகன் என்றும் சொல்கிறது. அதோடு சரி. பாணர்களின் வம்சாவளியில் ஜெயச்சந்திரன், வரதாயி சேனன், சேத்ராம், சீஹா என்று வரிசை வரும். சேத்ராம் வரை நம்பலாம், கல்லில் வரும் சேத குமாரரோடு ஒத்துப்போகிறது. அதற்கு மேலேதான் சிக்கல். ஜெயச்சந்திரன் மகனாகப் பட்டயங்களில் வருபவன் 1175இல் பிறந்த ஹரிச்சந்திரன். அவனும் வரதாயி சேனனும் ஒருவரே என்பதெல்லாம் பிற்கால ஒட்டு. சந்தாவருக்குப் பிறகும் அவன் மச்லீஷஹர் செப்பேட்டை வெளியிட்டிருக்கிறான். போர் முடிந்த கையோடு குடும்பமே மேற்கே ஓடிவிட்டது என்ற கதை அங்கேயே அடிபட்டுப்போகிறது.

இன்னொன்று, ஜெயச்சந்திரனின் காஹடவால குலம் தன் பட்டயம் எதிலும் தன்னை ராஷ்டிரகூடர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ரத்தோர் என்பதோ ராஷ்டிரகூடரிலிருந்து வந்த பெயர். உத்தரப் பிரதேசத்தின் படாயூனில் லக்கணபாலனின் கல்வெட்டு அங்கே ஆண்ட ஒரு ராஷ்டிரகூடக் கிளையைக் காட்டுகிறது. சீஹா அந்தக் கிளை என்ற கருத்துக்கே என் ஓட்டு.

திதிவாரம்:
தேதிக் கணக்கு: சம்வத்தில் 57 கழிக்க வேண்டும். ஜனவரியிலிருந்து சைத்ர வருடப்பிறப்பு வரை வரும் தேதிக்கு மட்டும் 56. சீஹா கல்லில் கார்த்திக வதி 12, திங்கள். வதி என்றால் தேய்பிறை. 1330−57 = 1273, அக்டோபர் 9. வடக்கே மாதம் பௌர்ணமியில் முடியும். அமாவாசையில் முடிவதாக வைத்துப் போட்டால் நவம்பருக்குத் தள்ளிப்போய் கிழமை இடிக்கும்.

மச்லீஷஹர் செப்பேடு சம்வத் 1253, பௌஷ சுதி (வளர்பிறை) 15, ஞாயிறு. கண்ணை மூடிக்கொண்டு 57 கழித்தால் 1196 வரும், தப்பு. 56 கழித்தால் 1197 ஜனவரி 5, பௌர்ணமி, ஞாயிறு. இரண்டுமே ஜூலியன் தேதிகள். மென்பொருள் கிரிகோரியனில் காட்டினால் 7 நாள் கூடுதலாக இருக்கும்.

வடதிசை:
நன்றி. காஹடவாலர் கல்வெட்டு தமிழ்நாட்டிலும் இருக்கிறதாமே?

செப்பேடு:
கங்கைகொண்ட சோழபுரத்தில். முதலாம் குலோத்துங்கனின் 41ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை (1110-11) அடுத்து, காஹடவால வம்சாவளி தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ராஷ்டிரகூடர் பேச்சு அதிலும் இல்லை.