டே கேம்ப் நடத்துறவங்களே, உங்களுக்கு சந்தோஷம் எங்க கிடைச்சது? அனுபவத்தைச் சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். லீவுல பிள்ளைங்களுக்கு டே கேம்ப் நடத்துறவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க, அதனால மனசுல இருக்கிறதை அப்படியே எழுதுறேன். நாங்க சபையில வருஷா வருஷம் நடத்துறோம், காலையில வந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுற மாதிரி. இவ்வளவு அலைச்சல், இவ்வளவு சத்தம், ரெண்டாவது நாளே தொண்டை கட்டிக்குது, இதுல அப்படி என்ன சந்தோஷம்னு நிறைய பேர் கேக்குறாங்க. கடைசி நாள் மேடையில பிள்ளைங்க ஆக்ஷன் சாங் பண்ண, பெத்தவங்க கை தட்டுறாங்களே, அதுதான்னு அவங்களே பதிலும் சொல்லிக்கிறாங்க. எனக்கு அது இல்லங்க. கேம்ப்லயே எனக்குப் பிடிச்சது காலையில கேட் பக்கத்துல நின்னு பிள்ளைங்களை வரவேற்கிற நேரம்தான், அதுவும் ரெண்டாவது நாள்லேருந்து.

ஏன்னா தங்கி நடத்துற கேம்ப்ல ராத்திரியும் பிள்ளைங்க நம்மகூடவே இருக்கும். டே கேம்ப்ல அப்படி இல்ல. நாம சொன்னதை வீட்டுக்குக் கொண்டு போகுது, அங்க அம்மா அப்பா தாத்தா பாட்டி எல்லார்கிட்டயும் சொல்லிப் பாக்குது, அவங்க ஏதாவது சொல்றாங்க, இல்ல ஒண்ணுமே சொல்லல, அது எல்லாத்தையும் சேர்த்துக்கிட்டு மறுநாள் காலையில நம்ம முன்னாடி வந்து நிக்குது. பாடம் உள்ள இறங்குச்சான்னு அந்த முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

ஒரு பையன் இருந்தான், எட்டு ஒன்பது வயசு இருக்கும். பாட மாட்டான், கை அசைக்க மாட்டான், ஸ்பீக்கர் பக்கத்துல போய் உக்காந்து ஒயரையே பாத்துட்டு இருப்பான். அன்னைக்கு பைபிள்ல வர்ற சாமுவேல் கதை, சின்னப் பையனா ஏலிங்கிற ஆசாரியர்கூட இருந்தவன். ஆண்டவர் கூப்பிடுறார், ஏலிதான் கூப்பிடுறார்னு நெனச்சு சாமுவேல் எழுந்து ஓடுறான், மூணு தடவையும் அப்படியே, நாலாவது தடவைதான் சரியா பதில் சொல்றான். கதை முடிஞ்சு எல்லாரும் விளையாட ஓடினப்புறம் இவன் மட்டும் என்கிட்ட வந்து, "ஆன்ட்டி, நாலு தடவையும் அவரு ஒரே மாதிரியா கூப்பிட்டாரு? கோபமே வரலையா?"ன்னு கேட்டான். வரலப்பா, நாலாவது தடவையும் முன்போலவே கூப்பிட்டார்னு பைபிள்ல இருக்குன்னு சொன்னேன். "எங்க வீட்ல ரெண்டாவது தடவையே கத்துவாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

மறுநாள் கேட்ல நிக்கிறேன், தூரத்துலேயே ஓடி வர்றான். "ஆன்ட்டி, என் தங்கச்சியை நான் நாலு தடவை கத்தாம கூப்பிட்டேன்!" அவ வந்தாளான்னு கேட்டேன். "அஞ்சாவது தடவைதான் வந்தா, அப்பவும் நான் கத்தல." ஐயோ, அன்னைக்கு முழுக்க எனக்குத் தரையில கால் பாவல. வருஷக்கணக்கா சாமுவேல் கதையை, கூப்பிட்டா நாம உடனே கீழ்ப்படியணும்னுதான் நான் சொல்லிக் குடுத்திட்டிருந்தேன். கூப்பிடுறவரோட பொறுமையை எனக்குக் காட்டுனது அந்தப் பையன்.

அதனால கேம்ப் லீடரா இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்வேன். மைக், ப்ரொஜெக்டர், ஸ்நாக்ஸ் எல்லாத்தையும் வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு காலையில கேட்ல நில்லுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நேத்து சொன்ன ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சு கேளுங்க, தாத்தாவுக்கு இப்ப எப்படி இருக்கு, பல்லு விழுந்துச்சான்னு. அவ்வளவுதான், அந்தப் பிள்ளை அன்னைக்கு நம்ம பிள்ளை.

இந்த மாதிரி கேம்ப் ஆரம்பிச்ச கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1898-ல நியூயார்க்ல எலைசா ஹாஸ்னு ஒரு அம்மா, லீவுல தெருவுல சுத்திட்டு இருந்த பிள்ளைங்களுக்காக ஒரு மதுக்கடை இடத்தை வாடகைக்கு எடுத்து அதுல பைபிள் ஸ்கூல் நடத்துனாங்க. அப்புறம் 1901-லேருந்து ராபர்ட் போவில்ங்கிறவர் அதைப் பல சபைகளுக்கும் கொண்டு போனார். பெரிய ஹால் இல்ல, நல்ல இடம் இல்லன்னு தள்ளிப் போடுறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

*

சிஸ்டர், உங்க சாமுவேல் பையன் கண்ணு கலங்க வச்சிட்டான். நான் கிராஃப்ட் பாத்துக்கிறவ. தினம் ஒரு கிராஃப்ட்னு வச்சா வெட்டி ஒட்டி வைக்கிறதுலேயே ராத்திரி பூரா போயிடும், வீட்டுக்குப் போற வழியிலேயே அது கிழிஞ்சும் போயிடும். அதனால ஒரே கிராஃப்ட், வாரம் பூரா. அட்டையில, பைபிள்ல வர்ற எரிகோ ஊர். முதல் நாள் ஆளுக்கு ஒரு வீடு, அப்புறம் மரம், அப்புறம் ரோடு, கடைசி நாள் சகேயு கதை, அந்த ஊர்ல இயேசுவைப் பாக்க மரத்துல ஏறுனவர், அவர் வீட்டுக்குத்தான் இயேசு போனார்.

கடைசி நாள் சகேயுவை காட்டத்தி மரத்துல உக்கார வச்சுட்டு, இப்ப இயேசு யார் வீட்டுக்குப் போகப் போறார்னு கேட்டேன். சின்ன கிளாஸ் பொண்ணு ஒருத்தி எழுந்து, "எல்லாரும் வீட்டைத் தள்ளி வைங்க"ன்னா. எதுக்குடான்னா, ரோடு எல்லார் வீட்டு வாசல் வழியாவும் போகணுமாம், அப்பதான் அவர் யாரையும் விட்டுட்டுப் போக மாட்டாராம். நாங்க ஒட்டுன ரோட்டைப் பிய்ச்சு, வளைச்சு வளைச்சு மறுபடி ஒட்டுனோம். கம் எல்லாம் கையில, தலையில, பெஞ்ச்ல. அப்படி ஒரு சந்தோஷம் சிஸ்டர், சொல்லத் தெரியல.

*

அக்கா, நான் சின்ன வயசுல இதே மாதிரி கேம்ப்ல பிள்ளையா இருந்து இப்ப வாலண்டியரா இருக்கேன். கேம்ஸ் என் பொறுப்பு. எங்க டீம்ல காது கேக்காத ஒரு பிள்ளை இருந்துச்சு. மனப்பாட வசனத்தை அவங்க அம்மாகிட்ட கேட்டு சைகை மொழியில நான் மட்டும் கத்துக்கிட்டு வந்தேன், அவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு. ஆனா பாத்துட்டு இருந்த மத்தவங்க எங்களுக்கும் எங்களுக்கும்னு சுத்தி நின்னுட்டாங்க, அவளே நடுவுல நின்னு எல்லார் விரலையும் பிடிச்சுத் திருத்துனா. தப்பா பண்ணா தலையில லேசா ஒரு தட்டு வேற. அதுவரைக்கும் ஓரமா இருந்தவ அன்னைக்கு டீச்சர் ஆயிட்டா. அப்புறம் ரிலே ரேஸ்ல கத்துறதுக்குப் பதிலா எல்லாரும் கையைத் தூக்கி விரலை ஆட்டித்தான் அவளை உற்சாகப்படுத்துனாங்க, நான் சொல்லவே இல்ல, அவங்களா பண்ணாங்க.

*

தம்பி, ரொம்ப சந்தோஷம்ப்பா, இப்படி ஒரு பிள்ளை வளர்ந்து வாலண்டியரா வர்றதே எனக்கு பெரிய சந்தோஷம். கிராஃப்ட் சிஸ்டர், எரிகோ ஐடியாவை நான் எடுத்துக்கிறேன்.

ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தாங்க, கடைசி நாள்ல இயேசுவை ஏத்துக்கிறேன்னு எத்தனை பிள்ளைங்க ஜெபத்துக்குக் கை தூக்குனாங்கன்னு ரிப்போர்ட் குடுக்கச் சொல்றாங்க, என்ன பண்றதுன்னு. என் அபிப்பிராயம் தெளிவா சொல்றேன், பிள்ளைங்க கையை எண்ணாதீங்க. பக்கத்துல இருக்கிறவன் தூக்குனா இவனும் தூக்குவான், அது பிள்ளை குணம். மாற்கு பத்தாம் அதிகாரத்துல இயேசு பிள்ளைங்களை அணைச்சு, அவங்க மேல கை வச்சு ஆசீர்வதிச்சார், அவங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. அவருக்குக் கோபம் வந்தது, பிள்ளைங்களைத் தடுத்த சீஷர்கள் மேலதான். வேணும்னு கேட்டு வர்ற பிள்ளைகூட நிதானமா உக்காந்து பேசுங்க, பெத்தவங்களுக்கும் தெரியப்படுத்துங்க.

இன்னொண்ணு, இதுல மட்டும் நான் கறாரா இருப்பேன். எந்தப் பிள்ளைகூடவும் பெரியவங்க ஒருத்தர் மட்டும் தனியா இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர். சாயங்காலம் கூட்டிட்டுப் போறவங்க பேரு ஃபார்ம்ல இருக்கணும், இல்லன்னா எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும் வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் அனுப்பணும். அலர்ஜி லிஸ்ட் கிச்சன்ல ஒண்ணு, ஒவ்வொரு குரூப் லீடர் கையிலயும் ஒண்ணு. இதெல்லாம் சந்தோஷத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைன்னு சிலர் சலிச்சுக்கிறாங்க, அப்படி இல்லவே இல்ல. இது சரியா இருந்தாதான் நாம பதட்டமில்லாம கீழ உக்காந்து ஒரு பிள்ளை பேசுறதை முழுசா கேக்க முடியும்.

பன்னிரண்டு, பதிமூணு வயசு பிள்ளைங்களை வச்சு நடத்துறவங்க யாராவது இருந்தா எழுதுங்க. ஆக்ஷன் சாங் பண்ண வெக்கப்படுறாங்க, ஆனா வாலண்டியர் ஆகவும் வயசு பத்தல. இந்த வருஷம் அவங்களையும் என்கூட கேட்ல நிக்க வச்சு, சின்னப் பிள்ளைங்க பேரை மனப்பாடம் பண்ண வைக்கலாம்னு இருக்கேன். வேற ஏதாவது செஞ்சு பலன் கிடைச்சிருந்தா சொல்லுங்க.