மழைநீர் வடிகாலுக்காகக் கடற்கரைத் தெரு மரங்கள்: 100 மீட்டர் தொல்லியல் சட்டம் தடுக்குமா?

நெய்தல்வாசி:
எங்கள் கடலோரப் பேரூராட்சியில் வடிகாலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். கோட்டுக்குள் 11 பூவரசு, 4 புன்னை வருகின்றன. மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டதாம். தெருமுனையில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிறது. அதைக் காட்டி நிறுத்த முடியுமா?

கோப்புக்கட்டு:
அதை நம்பி இறங்காதீர்கள். சின்னத்தின் சுவரிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்பது சரிதான். உதாரணமாக, மாமல்லபுரத்தில் சின்னங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆனால் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தில் "கட்டுமானம்" என்ற சொல்லின் வரையறை வடிகால், குடிநீர், மின்சாரப் பணிகளை விலக்கிவிட்டது. வீட்டுக்கு மாடி எழுப்பினால் பிடிக்கும் சட்டம் வடிகாலைப் பிடிக்காது.

உங்களுக்குக் கைகொடுப்பது வேறு. மன்றத் தீர்மானம் மரம் வெட்டும் அனுமதி ஆகாது. அரசு நிலத்து மரங்களுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மரவாரியாகப் படம், சுற்றளவு, சுண்ணாம்புக் கோட்டிலிருந்து தூரம் எழுதி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். தீர்மான நகல், மதிப்பீடு, குறுக்குவெட்டு வரைபடம், மரம் வெட்ட அனுமதி ஆணை, இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "முழு விவரம் தருக" என்றால் ஒன்றும் வராது. பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் பொக்லைன் வந்துவிடும். ஆகவே ஆட்சியர் மனுதான் முதலில்.

வடிகாலின் வாய் மணல்மேட்டை வெட்டிக் கடலுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். 2019 கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையில் மணல்மேடு முதல் வகைப் பகுதி. அதற்குத் தனி அனுமதி தேவை.

சாலைப்பணி:
வெட்டாமல் விட்டாலும் பள்ளம் கொல்லும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி, வரும் அளவை 3.14 ஆல் வகுங்கள். சுற்றளவு 125 செ.மீ. என்றால் விட்டம் 40. அதன் 12 மடங்கு, அதாவது 4.8 மீட்டர் தள்ளிப் பள்ளம் போனால் கவலையில்லை. மூன்று மடங்குக்குள், 1.2 மீட்டரில் போனால் மரத்தைத் தாங்கும் வேரே அறும். கடல் பக்கம் தோண்டுவது இன்னும் மோசம். கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்கும்போது அந்தப் பக்க வேர்தான் கயிறுபோல இழுத்துப் பிடிக்கிறது. அது போனால் அடுத்த புயலில் மரம் வீடுகளின் மேல் சாயும். பிறகு "பழைய மரம், விழுந்துவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். மனம் பொறுக்காத விஷயம் இது.

மரத்தருகே மட்டும் கடப்பாரையால் கையால் தோண்டி, திறந்த வாய்க்காலுக்குப் பதில் வேருக்கு அடியில் குழாய் செலுத்தச் சொல்லுங்கள். அடிமரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி வழக்கொன்றில் உத்தரவிட்டதையும் மனுவில் சேருங்கள்.

நெய்தல்வாசி:
நன்றி. பெயர்த்து வேறிடத்தில் நடுவதாகப் பொறியாளர் சொல்கிறார். நடக்குமா?

நாற்றங்கால்:
40 செ.மீ. மரத்துக்கு 4 மீட்டர் அகல வேர்க்கட்டி வேண்டும். 1 மீட்டர் ஆழம் என்றாலே 12.5 கன மீட்டர் மண், ஏறக்குறைய 20 டன். கடற்கரை மணல் கட்டியாக நிற்காது, தூக்கும்போதே உதிரும். கிளையெல்லாம் கழித்து மொட்டைக் கட்டையை நட்டுப் படம் எடுப்பதுதான் மிஞ்சும்.

ஈடாக நடுவதென்றால் பூவரசுக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளை போதும். ஐந்து செ.மீ. தடிமன், 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் மண்ணுக்குள், மேல்வெட்டில் சாணி. ஐப்பசி மழைக்கு முன் ஊன்றுங்கள். புன்னைக்கு விதையின் ஓட்டை உடைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். மணல்மேட்டில் மட்டும் சவுக்கு வைக்க விடாதீர்கள். நிழலில் மணலைப் பிடித்து நிற்கும் அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் செத்து மேடு கரையும், ஆமை முட்டையிட இடமிருக்காது.